பட்டியலில் இல்லாத குழாய்

குழாயில் ஒரு வெல்டிங்கைச் சோதிப்பது கேட்பதற்குச் சின்ன வேலை. அணு உலைக் கட்டடத்துக்குள் அது அப்படி இல்லை. உலையை நிறுத்தி ஆறவிட வேண்டும். குழாய் போகும் உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். சுற்றியிருக்கும் வெப்பக் காப்புறையைக் கழற்றி, வெல்டிங்கின் மேல்புறத்தை வழவழப்பாகத் தேய்த்துத் துடைத்து, ஜெல் தடவ வேண்டும். அதன் மேல் அல்ட்ராசோனிக் கருவியின் முனையை விரற்கடை விரற்கடையாக நகர்த்தியபடி திரையில் எழும் கோடுகளைப் படிக்க வேண்டும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பும். ஆனால் துருப்பிடிக்காத எஃகின் வெல்டிங்கில் உலோகப் படிகங்கள் பருமனானவை. விரிசலே இல்லாவிட்டாலும் அவற்றில் பட்டு ஒலி சிதறித் திரும்பும். எது விரிசல், எது வெறும் இரைச்சல் என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குரியவர் தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு உடையில் வியர்த்து வழிந்துகொண்டு, கதிர்வீச்சின் நடுவே நின்று இதைச் செய்கிறார்.

அவர் உடலுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட் வரைதான் பெறலாம்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. எனவே ஒரு வெல்டிங்குக்கு அவர் செலவழிக்கும் நிமிடம் இன்னொன்றுக்குக் கிடைக்காது. நிலையத்திலோ வெல்டிங்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 'எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டியதுதானே?' என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் பணத்தைக் காரணம் காட்டுவதாகத்தான் தோன்றும். பணமும் ஒரு காரணம்தான். ஆனால் பணமே இல்லாத பிரச்சினை என்றாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கும்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இதற்கு முதலில் எழுதப்பட்ட பதில் 1970-ல் வந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கொதிகலன்களுக்கும் அழுத்தக் கலன்களுக்கும் நெடுங்காலமாக விதிகள் வகுத்து வருகிறது. அந்தத் தொகுப்பில், இயங்கிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையத்தை எப்படிப் பரிசோதிப்பது என்று சொல்வதற்காகப் பதினோராம் பகுதி சேர்க்கப்பட்டது. உலையை நேரடியாகக் குளிர்விக்கும் நீர் ஓடும் குழாய்கள் முதல் வகுப்பு. பின்னாளில் நிலைபெற்ற விதிப்படி, அவற்றின் வெல்டிங்குகளில் நூற்றுக்கு 25-ஐப் பத்தாண்டுக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். அந்த 25-ஐத் தேர்ந்தெடுக்க வடிவமைப்புக் கணக்கேடு உதவியது. எந்த வளைவில், எந்த இணைப்பில் உலோகத்தின் மீது இழுவிசை அதிகம் என்று வடிவமைப்பாளர் கணக்கிட்டிருக்கிறாரோ, அதுவே பட்டியலில் ஏறியது.

அதிகச் சுமை தாங்கும் இடம்தானே முதலில் உடையும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. சுமை அதிகம் என்று தெரிந்த இடத்தை வடிவமைப்பாளர் ஏற்கெனவே தடிமனாக்கிவிட்டிருந்தார். குழாய்கள் விரிசல் விட்டதெல்லாம் அவர் கணக்கே போடாத காரணங்களால்.

1987 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஃபார்லி நிலையத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அவசர காலத்தில் உலைக்குள் நீரைச் செலுத்துவதற்கென்று ஒரு குழாய். சாதாரண நாட்களில் அதன் வால்வு மூடியே இருக்கும். உள்ளே நீர் ஓடாது. ஓட்டமே இல்லாத குழாய்க்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மூடிய வால்வு லேசாகக் கசிந்தது. கசிந்த குளிர்ந்த நீர் குழாயின் அடிப்பக்கமாக ஊர்ந்து போக, மேல்பக்கத்தில் உலையின் சூடான நீர் நின்றது. ஒரே குழாய்க்கு வயிறு குளிர்ந்து முதுகு சுட்டது. அந்த எல்லை ஏறி இறங்க, உலோகம் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, கடைசியில் சுவரைத் துளைத்துக்கொண்டு விரிசல் வெளியே வந்தது. அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் டிஹாஞ்ச் நிலையத்தில் இதே கதை. 1998 மே மாதம் பிரான்சின் சீவோ நிலையத்தில், ஓடத் தொடங்கி அதிக நாளாகாத புத்தம் புது உலையில், சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் பகுதியில் ஒரு வளைவு பிளந்து மணிக்கு சுமார் 30 கன மீட்டர் நீர் கொட்டியது. பழையது பழுதாகும், புதியது ஆகாது என்ற நம்பிக்கையும் அத்தோடு போயிற்று.

இதற்கெல்லாம் முன்பே வேறொரு திசையிலிருந்து ஒரு சிந்தனை கிளம்பியிருந்தது. 1972-ல் எம்.ஐ.டி. பேராசிரியர் நார்மன் ராஸ்முசன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 1975-ல் வெளியான அதன் அறிக்கையை வாஷ்-1400 என்பார்கள். உலையில் என்னென்ன கெடலாம், அது கெட்டால் எது காப்பாற்றும், அதுவும் கெட்டால் அடுத்து என்ன என்று கிளை கிளையாக வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிகழ்தகவு எண் கொடுத்தார்கள். அதுவரை பொறியாளர்களின் பயமெல்லாம் மிகப் பெரிய குழாய் ஒன்று சட்டென்று அறுந்துபோவதைப் பற்றியே இருந்தது. ராஸ்முசன் குழு வேறு ஒன்றைச் சொன்னது: எரிபொருள் உருகும் அளவுக்கான விபத்து, பெரிய குழாய் அறுவதைவிடச் சின்னக் கசிவுகள், சில்லறைக் கோளாறுகள், மனிதத் தவறுகள் ஆகியவை ஒன்று சேர்வதால் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

அறிக்கை நிறையத் திட்டும் வாங்கியது. அதன் எண்களில் உள்ள நிச்சயமின்மையைக் குறைத்துக் காட்டினார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு, அது உண்மையும்கூட. 1979 ஜனவரியில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், அறிக்கையின் சுருக்கப் பகுதிக்குத் தந்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி த்ரீ மைல் ஐலண்டில் ஒரு சின்ன வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. மூடிவிட்டதாக நினைத்த பணியாளர்கள், உலைக்குப் போகும் நீரைக் குறைத்தார்கள். எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. பெரிய குழாய் எதுவும் அறுந்திருக்கவில்லை.

பரிசோதனைப் பட்டியலுக்குள் இந்தச் சிந்தனை நுழைய இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அதன் சாரம் நம் கிராமத்துக்குப் புதிதல்ல. ஐப்பசி மழைக்கு முன் ஏரிக்கரையைச் சுற்றிவரும் அனுபவசாலி கரை முழுவதையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. மதகை ஒட்டிய மண், போன வருடம் ஊறல் எடுத்த இடம், நண்டு வளை கண்ட பக்கம் என்று எங்கே உடையக்கூடும் என்பது ஒரு கணக்கு. உடைந்தால் வெள்ளம் தரிசில் போய் நிற்குமா, தெருவுக்குள் வருமா என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் சேர்ந்து மோசமாக இருக்கும் இடத்தில்தான் அவர் குனிந்து பார்ப்பார்.

1990-களில் அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறையில் இதே இரண்டு கணக்குகள் ஓர் அட்டவணையாயின. குழாய்களை முதலில் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முதல் கேள்வி: இதை எது தின்னும்? சூடு குளிர் மாறி மாறி வருகிறதா, இழுவிசையும் ரசாயனமும் சேர்ந்து விரிசல் உண்டாக்குமா, தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் அரிக்குமா, ஓடும் நீர் சுவரைத் தேய்க்குமா? ஒரு காரணமும் இல்லை என்றால் உடைய வாய்ப்பு குறைவு. சிலவற்றுக்கு நடுத்தரம். ஓட்டத்தால் சுவர் தேயும் வகைக்கு அதிகம். இரண்டாவது கேள்வி: இது உடைந்தே விட்டது என்று வைத்துக்கொண்டால், எரிபொருள் சேதமடைய எவ்வளவு வாய்ப்பு? 10,000-ல் ஒன்றுக்கு மேல் என்றால் விளைவு கடுமை. 10 லட்சத்தில் ஒன்றுக்குக் கீழ் என்றால் லேசு.

இரண்டு பதில்களையும் பெருக்கி யோசித்தால் பட்டியலே தலைகீழாகிறது. பழைய முறையில் முதலிடம் பெற்ற ஒரு தடித்த குழாய்க்கு உடையக் காரணமே இல்லை என்று தெரியவரும். அது கீழே இறங்கும். மூடிய வால்வுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஆறங்குலக் குழாய், ஃபார்லி மாதிரி, மேலே ஏறும். மேல் தட்டில் இருக்கும் வெல்டிங்குகளில் 25 சதவீதத்தையும் நடுத்தட்டில் 10 சதவீதத்தையும் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். கீழ்த்தட்டில் கருவிச் சோதனை இல்லை. ஆனால் அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் வேலை எல்லாக் குழாய்க்கும் தொடரும். 1998-ல் ஒழுங்குமுறை ஆணையம் இந்தப் பாதைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஏற்றுக்கொண்ட நிலையங்களில் சோதனைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பணியாளர்கள் வாங்கும் கதிர்வீச்சும் குறைந்தது. குறைத்ததற்காகவே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு வருவோம்.

அதற்கு முன், 'ஓடும் நீர் சுவரைத் தேய்க்கும்' என்றேனே, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் உயிர்களைக் குடித்தது அதுதான்.

சாதாரண எஃகுக் குழாயில் சூடான நீர் ஓடினால் உள்சுவரில் மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு மெல்லிய படலமாகப் படியும். அதுவே சுவருக்குக் கவசம். ஆனால் படலம் நீரில் துளித்துளியாகக் கரையும். நேராக ஓடும் குழாயில் கரைவது மெதுவாக நடக்கும். பிளம்பர்கள் எல்போ, டீ என்று சொல்லும் வளைவுகளிலும் பிரிவுகளிலும், ஓட்டத்தை அளக்க வைத்த துளைத்தகட்டுக்கு அடுத்தும் நீர் சுழன்று கொந்தளிக்கும். அங்கே கரைந்த இரும்பை நீர் உடனுக்குடன் அள்ளிப் போவதால் கவசம் தடிக்கவே முடிவதில்லை. அடியிலுள்ள எஃகு புதுக் கவசம் போட, அதுவும் கரைய, சுவர் ஆண்டுக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகும். நீர் 150 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கும்போது இது வேகமாக நடக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீராவி உற்பத்திக் கலன்களை அரிப்பிலிருந்து காக்க நீரில் உள்ள ஆக்சிஜனை நீக்குகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத நீரில்தான் இந்தப் படலம் நன்றாகக் கரைகிறது. எஃகில் குரோமியம் ஒரு சதவீதம் கலந்திருந்தாலே தேய்மானம் ஏறக்குறைய நின்றுவிடும் என்பது இன்னொரு செய்தி. குழாய்களை வாங்கிய காலத்தில் அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

விரிசல் என்றால் பெரும்பாலும் முதலில் கசியும். கசிவைக் கண்டு உலையை நிறுத்தலாம். தேய்மானம் அப்படி எச்சரிப்பதில்லை. அகலமான ஒரு பரப்பு முழுவதும் ஒன்றாக மெலிந்து, தாங்க முடியாத நாளில் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போகும்.

1986 டிசம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து சர்ரி நிலையத்தின் இரண்டாம் அலகில் அப்படித்தான் ஆனது. நீரேற்றும் பம்புக்குப் போகும் 18 அங்குலக் குழாயின் எல்போ வெடித்தது. அரை அங்குலம் இருந்திருக்க வேண்டிய சுவர் சில இடங்களில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் நான்கு பேர் வெந்நீராலும் நீராவியாலும் இறந்தார்கள். கதிர்வீச்சு அபாயம் ஏதும் எழவில்லை, ஏனென்றால் அது டர்பைன் பக்கத்து நீர். அதே காரணத்தால்தான் பதினோராம் பகுதியின் பட்டியலிலும் அது இல்லை. உலையைக் காப்பதற்கென்று எழுதிய விதி, உலைக்கு வெளியே நின்றவர்களை மறந்துவிட்டது என்று சொன்னால் கடுமையாக இருக்கலாம். ஆனால் பொய்யாக இருக்காது.

சர்ரிக்குப் பிறகு உலகம் முழுவதும் தேய்மானத்துக்கென்று தனித் திட்டங்களும் கணினி நிரல்களும் வந்தன. ஜப்பானிலும் 1990-ல் வழிகாட்டி எழுதினார்கள். எந்தெந்த இடத்தில் தடிமன் அளப்பது என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் பட்டியல் போட்டார்கள். ஃபுகுயி மாகாணத்து மிஹாமா நிலையத்தின் மூன்றாம் அலகுக்குப் போட்ட பட்டியலில் ஓர் இடம் விடுபட்டுப் போனது. துளைத்தகட்டை அடுத்து வரும், 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்ப் பகுதி. கொந்தளிப்பு அதிகம் என்று அந்த வழிகாட்டியே சொல்லும் வகையான இடம்தான் அது. 2003-ல் விடுபாடு தெரியவந்தது. அடுத்த வருடாந்திர நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். நிறுத்தம் 2004 ஆகஸ்ட் 14-ல் தொடங்க இருந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி குழாய் வெடித்தது.

வருடாந்திர வேலைக்குக் கருவிகளை ஏற்பாடு செய்ய, உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பைன் கட்டடத்துக்குள் வந்திருந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். 10 மில்லிமீட்டராக இருந்த சுவர் மிக மெலிந்த இடத்தில் 0.4 மில்லிமீட்டர். விதிப்படி குறைந்தபட்சம் 4.7 இருக்க வேண்டும். 1976-ல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருவரும் ஒருமுறைகூட அளந்ததில்லை. தேய்மானத்தின் அறிவியல் அவர்களுக்குத் தெரியும். அளக்கும் கருவி எளியது. அளக்கச் சில நிமிடங்கள் போதும். இல்லாதது பட்டியலில் ஒரு வரி.

நம் கல்பாக்கத்திலும் இந்தத் தேய்மானம் அறிமுகமானதுதான். 220 மெகாவாட் வகைக் கனநீர் உலையில் 306 எரிபொருள் குழல்கள். ஒவ்வொன்றுக்கும் நீர் கொண்டுபோக ஒன்றும் கொண்டுவர ஒன்றுமாக 612 ஊட்டுக்குழாய்கள், ஒன்றையொன்று ஒட்டி நெருக்கியபடி வளைந்து வளைந்து போகும். இவ்வகை உலைகளில் சூடான நீர் வெளியேறும் பக்கத்து வளைவுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்வது 1990-களின் நடுவில் கனடாவின் பாயின்ட் லெப்ரோ நிலையத்தில் கவனத்துக்கு வந்தது. பிறகு இந்தியாவின் பழைய கனநீர் உலைகள் சிலவற்றில் ஊட்டுக்குழாய்களை மொத்தமாக மாற்றினார்கள். பின்னால் கட்டிய உலைகளுக்குக் குரோமியம் சற்றுக் கூடிய எஃகைக் கேட்டு வாங்கினார்கள்.

இனி அந்தச் சந்தேகத்துக்கு வருவோம். நிகழ்தகவு எண்ணைக் கையில் வைத்திருப்பவர், அதைக் காட்டியே பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாதா? முடியும். தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

2001-ன் தொடக்கத்தில் தென் கரோலினாவின் ஒகோனி நிலையத்தில், உலைக் கலனின் மூடியைத் துளைத்துச் செல்லும் கட்டுப்பாட்டுத் தண்டுக் குழல்களில் சுற்றுவட்டமாக விரிசல் கண்டார்கள். குழல் முழுவதும் அறுந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் அதை வெளியே எறிந்துவிடும். இதே ஆபத்து அதிகம் என்று ஆணையம் வகைப்படுத்திய உலைகளில் ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸியும் ஒன்று. 2001 டிசம்பர் 31-க்குள் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு தயாரானது. நிறுவனம் அடுத்த எரிபொருள் மாற்றம் வரை அவகாசம் கேட்டது. கூடுதலாக ஓடும் வாரங்களால் ஏறும் இடர் மிகச் சிறிது என்று கணக்கும் காட்டியது. ஆணையம் 2002 பிப்ரவரி 16 வரை அனுமதித்தது.

உலையைத் திறந்தபோது விரிசலைவிட மோசமானது காத்திருந்தது. குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். மூன்றாம் எண் குழலின் விரிசல் வழியே அது நெடுநாள் கசிந்து மூடியின் எஃகைத் தின்றிருந்தது. ஆறு அங்குலத்துக்கு மேல் தடிமனான எஃகு அந்த இடத்தில் முழுவதுமாகக் காணோம். உள்பக்கம் பூசியிருந்த, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகு மட்டும் 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு லேசாகப் புடைத்து நின்றது. அது பிளந்திருந்தால், பெரிய குழாய் அறுந்தால் என்று 1970-களில் பயந்த அதே வகை விபத்து, எவரும் கணக்கில் எடுக்காத ஓர் இடத்திலிருந்து வந்திருக்கும்.

கணக்கு எங்கே பிழைத்தது? பெருக்கலில் இல்லை. மூடியின் எஃகு அரிக்கப்படும் என்ற கிளையே நிகழ்தகவு மரத்தில் பெரிதாக வரையப்படவில்லை. அறிகுறிகள் இல்லாமல் இல்லை: கட்டடத்துக் காற்றை இழுக்கும் வடிகட்டிகள் துரு நிறத் தூளால் அடிக்கடி அடைத்துக்கொண்டன, அடிக்கடி மாற்றினார்கள், மூடியின் மேல் செம்பழுப்பாக உறைந்து வழிந்த படிவுகளை 2000-லேயே படமெடுத்திருந்தார்கள். வடிகட்டி மாற்றுபவருக்குத் தெரிந்தது, நிகழ்தகவு போடுபவரின் மேசைக்கு வந்து சேரவில்லை. ஆணையத்தின் உள்கண்காணிப்பு அதிகாரியே பின்னர், அவகாசம் கொடுத்த முடிவில் நிறுவனத்தின் நிதிப் பாதிப்பு பெரும் பங்கு வகித்தது என்று எழுதினார். நிலையத்தை இயக்கிய நிறுவனம் 2006-ல் குற்ற வழக்கைத் தவிர்க்க 2.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இடர் சார்ந்த பரிசோதனை தவறு என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் டேவிஸ்-பெஸியின் குழி கண்ணில் பட்டிருக்காது. சர்ரியின் எல்போவும் பட்டிருக்காது. எங்கே பார்ப்பது என்று முடிவு செய்ய அந்த எண் நல்ல துணை. எப்போது பார்க்காமல் இருக்கலாம் என்பதற்கு அதையே சாட்சியாக அழைக்கும்போது சாட்சி விலைபோகிறது. நல்ல நிலையங்களில் பட்டியலை எழுதி மூடி வைப்பதில்லை. வேறு எந்த நாட்டில் எந்தக் குழாய் கசிந்தாலும் அந்தச் செய்தி உள்ளே வந்து, தட்டுகள் மறுபடி அடுக்கப்படுகின்றன. கண்துடைப்பாகச் செய்யும் இடங்களில் பட்டியல் பத்தாண்டுகளுக்கு ஒரு கோப்பு மட்டுமே.

2003 பிப்ரவரியில் ஆணையம், அழுத்த நீர் உலைகளின் மூடிகள் அனைத்தையும் முறை வைத்துச் சோதிக்கக் கட்டாய ஆணை பிறப்பித்தது. டேவிஸ்-பெஸிக்குப் புது மூடி வாங்க நேரமில்லை. மிச்சிகனில் கட்டி முடிக்காமல் கைவிட்ட மிட்லண்ட் நிலையத்தின் மூடியைக் கொண்டுவந்து பொருத்தி, 2004-ல் உலையை ஓட்டினார்கள். அதன் குழல்களும் பழைய மூடியின் குழல்களைப் போலவே அலாய் 600 என்ற உலோகக் கலவை. ஆறே ஆண்டில், 2010-ன் வழக்கமான நிறுத்தத்தில், அவற்றிலும் விரிசல்கள் தெரிந்தன. இம்முறை மூடியின் எஃகை அரித்துக் குழி பறிக்கும் முன்பே கண்டு செப்பனிட்டார்கள். 2011-ல் அந்த மூடியையும் கழற்றிவிட்டு, அலாய் 690 குழல்கள் கொண்ட புது மூடியைப் பொருத்தினார்கள்.